பழைய ஃபிலிம் கேமராவை யாரிடம் கொடுப்பது, ஸ்பேருக்கு எங்கே போவது?

கேள்வி இது: வீட்டில் யாஷிகா எலக்ட்ரோ 35, பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1 என்று மூன்று பழைய கேமராக்கள் இருக்கின்றன. மூன்றும் ஓடவில்லை. நம்பிக் கொடுக்கக்கூடிய மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது, உதிரி பாகம் இன்னும் கிடைக்குமா?

மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன்னால் பழுது என்ன என்று கண்டுபிடியுங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் கேமராவை எடுத்தவுடன் திறந்துவிடுவார்கள். "1 செகண்டில் வைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது, 1/125-க்கு மேல் சரியாக இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்தால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவருக்கு உடனே தெரியும். எந்தப் பழுது என்று தெரிந்தால்தான் யாரிடம் போவது, ஸ்பேர் தேவையா இல்லையா என்பதும் தெரியும். ஐம்பது வருடக் கேமராக்களில் பாகம் உடைந்து நிற்பவை குறைவு. காய்ந்த கிரீஸ், துரு ஏறிய பேட்டரி முனை, கரைந்துபோன ஃபோம் ஆகியவற்றால் நிற்பவையே அதிகம். இவற்றுக்கு ஸ்பேரே வேண்டாம், பொறுமையான கை போதும்.

தயாரித்த கம்பெனியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஃபிலிம் கேமராவுக்கான பாகங்களை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கேனானின் கடைசி ஃபிலிம் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும்) கேமராவான இஓஎஸ்-1வி மாடலின் விற்பனை முடிந்ததாக 2018-இல் அறிவித்தபோதே, 2020 அக்டோபருக்குப் பிறகு பாகம் கையிருப்பில் இல்லாவிட்டால் ரிப்பேருக்கு ஏற்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். 1976-இல் வந்த ஏஇ-1-க்கு இனி எதுவும் எதிர்பார்க்க முடியாது. பெரிய விதிவிலக்கு லைக்கா. எம் வரிசை ஃபிலிம் கேமராக்களை இன்றும் தயாரிப்பதால், பழைய எம்3 வரை ஜெர்மனியில் சர்வீஸ் செய்துகொடுக்கிறார்கள். செலவுதான் அதிகம்.

முதலில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள். யாஷிகாவில் லென்ஸ் கழலாது, வேகத்தையும் கேமராவே தேர்ந்தெடுக்கும், ஆகவே இது மற்ற இரண்டுக்கும் மட்டும். லென்ஸைக் கழற்றுங்கள், பின்கதவைத் திறவுங்கள். வைண்டிங் லீவரை இழுத்து, 1 செகண்ட் முதல் 1/1000 வரை ஒவ்வொரு வேகமாக அடித்துப் பாருங்கள். மொபைலில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருந்தால் வெளிச்சத்தை நோக்கிக் கேமராவைப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். 1 செகண்டுக்கு 240 ஃப்ரேம், 1/15-க்கு 16 ஃப்ரேம், 1/30-க்கு 8 ஃப்ரேம் வெளிச்சம் தெரிய வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களை இப்படி அளக்க முடியாது, ஆனால் ஷட்டர் முழுதாகத் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். கே1000 போன்ற மெக்கானிக்கல் கேமராவில் 1 செகண்ட் முதல் 1/15 வரை மட்டும் தாமதமாக ஓடினால், மெதுவேகத்தைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரத் தொகுதியில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. இது எளிய வேலை.

1/1000-இல் படத்தின் ஒரு ஓரம் இருட்டாக வந்தால் விஷயம் வேறு. கே1000 போன்ற கேமராவில் இரண்டு துணித்திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை திறந்துகொண்டே போக, இரண்டாவது மூடிக்கொண்டே பின்தொடர்கிறது. முதல் திரையின் உருளையில் பழைய எண்ணெய் இறுகினால் அது பின்தங்கும், இரண்டாவது அதை எட்டிப் பிடித்துவிடும், அந்த இடத்திலிருந்து ஃபிலிமில் வெளிச்சம் விழாது. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. உருளைகளையும் தாங்கும் இடங்களையும் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் மிகச் சிறிதளவு வைத்து, பிறகு ஸ்பிரிங் இறுக்கத்தைச் சரிபார்ப்பது ஒன்று. எதையும் சுத்தம் செய்யாமல், அடிப்பக்கத்தில் ஸ்பிரிங்கை மட்டும் சில பல் ஏற்றிவிடுவது இன்னொன்று. இரண்டாவது வேலை பத்து நிமிடத்தில் முடியும், கேமராவும் ஓடும். ஆனால் திரையின் நாடாக்களும் பல்சக்கரங்களும் கூடுதல் இழுவையில் தேயும், சில மாதங்களில் அதே பழுது திரும்ப வரும், அதன் பிறகு இறுக்க இடமே இருக்காது. நல்ல மெக்கானிக்கையும் அவசர மெக்கானிக்கையும் பிரித்துக் காட்டும் இடம் இதுதான். "திரையைச் சுத்தம் செய்வீர்களா, டென்ஷன் மட்டும் ஏற்றுவீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேள்வி கேட்பவருக்கு விஷயம் தெரிகிறது என்று மகிழ்வார்.

இனி உங்கள் மூன்று கேமராக்களைப் பார்ப்போம்.

யாஷிகா எலக்ட்ரோ 35-இல் வைண்டிங் லீவரை இழுக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு கனத்த சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், ஷட்டர் பட்டனோடு சேர்ந்து இறங்கும் தண்டின் அருகே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு பொடிந்துவிட்டது. இந்த வரிசையில் வந்த கிட்டத்தட்ட எல்லாக் கேமராவுக்கும் வரும் பழுது இது. ரப்பரை வெட்டிப் புதிதாக ஒட்டினால் போதும். ஆனால் அந்த இடத்தை எட்டுவதற்குள் நிறையக் கழற்ற வேண்டும், தடிமன் சற்றுத் தப்பினாலும் தண்டு சரியான உயரத்துக்குத் திரும்பாது. அடுத்த சந்தேகம் பேட்டரி. இதற்கு முதலில் வந்தது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. இப்போது 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியை அடாப்டரில் வைத்துப் போடுகிறார்கள், வெளிச்சம் அளக்கும் மீட்டர் அதை ஏற்றுக்கொள்கிறது. புது பேட்டரி போட்டும் பின்னாலுள்ள பச்சை விளக்கு எரியவில்லை என்றால், கசிந்த பேட்டரியால் அரித்துப்போன ஒயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேட்டரியே இல்லாமல் அடித்தால் இந்தக் கேமரா எப்போதும் 1/500-இல்தான் ஓடும். அதைப் பார்த்து "ஷட்டர் நன்றாக வேலை செய்கிறது" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கே1000 மூன்றிலும் நம்பகமானது. 1976-இல் தொடங்கி 1997 வரை தயாரித்தார்கள். ஷட்டருக்குப் பேட்டரியே தேவையில்லை, மீட்டருக்கு மட்டும் ஒரு எல்ஆர்44. மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் மின்சாரம் மிச்சம். ஆகவே, "மீட்டர் போச்சு" என்று வருபவற்றில் பல வெறும் காலி பேட்டரியாக இருக்கும். இந்தக் கேமராவுக்கு ஆள் கிடைப்பதும் எளிது, ஸ்பேர் கிடைப்பதும் எளிது.

ஏஇ-1-இல் படமெடுக்கும்போது 'கீச்' என்று சத்தம் வந்தால், லென்ஸுக்குப் பின்னால் மேலெழுந்து இறங்கும் கண்ணாடியை இயக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் வற்றிவிட்டது. ஊசிமுனையால் ஒரு துளி சரியான இடத்தில் வைத்தால் நின்றுவிடும். தவறான இடத்தில் வைத்தால் எண்ணெய் ஷட்டர் திரைக்கோ, ஷட்டரை விடுவிக்கும் மின்காந்தத்துக்கோ பரவும். இது முழுக்க மின்சாரத்தில் ஓடும் கேமரா, 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காது. நல்ல பேட்டரி போட்டும் அசையாவிட்டால் முதலில் பேட்டரி முனைகளை, அடுத்து மின்காந்தத்தின் முகத்தில் படிந்த அழுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்யூட்டே போயிருந்தால் அதை ரிப்பேர் செய்ய முயல வேண்டாம். இன்னொரு ஏஇ-1 வாங்குவதுதான் வழி.

இதே காரணத்தால் பொதுவாக ஒன்று சொல்வேன். முழு மெக்கானிக்கல் கேமராவுக்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். எலக்ட்ரானிக் கேமராவுக்குப் பழுது என்ன என்று உறுதியாகத் தெரிந்த பிறகே செலவு செய்யுங்கள். 1980-களின் பிளாஸ்டிக் காம்பாக்ட்டுகளுக்கு, வீட்டு நினைவு என்ற காரணம் இருந்தாலொழிய, செலவு வேண்டாம். ஃப்ளாஷ் உள்ள காம்பாக்டை நீங்களே திறக்கவும் கூடாது. அதன் கபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றி நாளாகியிருந்தாலும் நம்ப முடியாது.

பாதரச பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் போகிறவர்கள் அதிகம். ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101, நிக்கோர்மட் எஃப்டிஎன் போன்றவற்றின் மீட்டர் 1.35 வோல்ட் பிஎக்ஸ்625 பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. அந்த பேட்டரி இப்போது கிடையாது. அதே வடிவத்தில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், படம் இருட்டாகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு வளையத்தில் வைத்துப் போட்டால் வோல்டேஜ் கிட்டத்தட்டப் பொருந்தும். ஸ்டிக்கரைப் பிரித்த பிறகு சில வாரங்கள்தான் வரும். நிரந்தரமாக வேண்டுமென்றால், எஸ்ஆர்44 சில்வர் பேட்டரி போட்டு, ஒயரில் வோல்டேஜைச் சற்றுக் குறைக்கும் 'ஷாட்கி டையோடு' என்ற சிறு பாகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பென்டாக்ஸ் ஸ்பாட்மேடிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் மீட்டர் சர்க்யூட் வோல்டேஜ் மாற்றத்தைத் தாங்கும்.

இப்போது ஆள். இந்தியாவில் பழைய கேமரா மெக்கானிக்குகள் செறிந்திருக்கும் இடங்கள் சில உண்டு. கொல்கத்தாவில் எஸ்பிளனேடு அருகே உள்ள மெட்ரோ கலி, தில்லி சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி, மும்பையில் ஃபோர்ட் பகுதி. அங்கே ஒரு சந்தில் நாலைந்து பேரிடம் கேட்டு ஒப்பிட முடியும், பாகமும் பக்கத்துக் கடையில் கிடைக்கும். தமிழ்நாட்டில் அப்படி ஒரே தெரு கிடையாது. இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், மாடியறையிலோ வீட்டிலோ வேலை செய்பவர்கள், போர்டு வைக்காதவர்கள். இணையத்தில் தேடினால் டிஜிட்டல் கேமரா சர்வீஸ் கடைகள்தான் முதலில் வரும்.

அவர்களை எட்டும் வழி, முன்பு அவர்களிடம் வேலை கொடுத்தவர்களைப் பிடிப்பதுதான். 1990-களுக்கு முன்பிருந்தே இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய், அவர்கள் வைத்திருந்த இரட்டை லென்ஸ் கேமராவின் பெயரைச் சொல்லி, "உங்கள் யாஷிகாமேட்டை யார் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். "ஃபிலிம் கேமரா ரிப்பேர் செய்பவர் தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "இப்போ யாருமில்லீங்க" என்ற பதில்தான் வரும். கேமராவின் பெயரைச் சொன்னால் ஆளின் பெயர் நினைவுக்கு வரும். ஓய்வுபெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், நுண்கலைக் கல்லூரியின் புகைப்படப் பிரிவு, இன்னும் ஃபிலிம் கழுவிக்கொடுக்கும் லேப் ஆகியோரிடமும் கேட்கலாம். சென்னையில் 1857-இல் தொடங்கிய 'போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்' அமைப்பின் மூத்த உறுப்பினர்களைக் கேட்பது பலன் தரும். லேப் வைத்திருப்பவரின் பேச்சுக்குத் தனி மதிப்பு கொடுங்கள். எந்த மெக்கானிக் பார்த்த கேமராவில் நெகட்டிவ் சீராக வருகிறது என்று அவர் கண்கூடாகப் பார்க்கிறார்.

ஆள் கிடைத்ததும் அவர் மேஜையைப் பாருங்கள். ஜப்பானியக் கேமராக்களின் நட்சத்திர ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில்தரம்) முனை ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கி, ஸ்க்ரூத் தலையைத் தின்றுவிடும். லென்ஸ் வளையத்தைக் கழற்ற இருமுனை ஸ்பேனர் வைத்திருக்கிறாரா, மூக்குக் குறடால் திருகுகிறாரா என்று கவனியுங்கள். அவர் முடித்து வைத்திருக்கும் வேறு கேமராவின் ஸ்க்ரூக்களைப் பாருங்கள், அதில் எல்லாம் தெரியும். ஷட்டர் வேகத்தை எதை வைத்து அளக்கிறார் என்று கேளுங்கள். காதால் கேட்டு 1/60 வரை சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள், அந்தத் திறமை உண்மையானது. ஆனால் 1/500-ஐக் காதால் சொல்ல யாராலும் முடியாது. சென்சார் வைத்த டெஸ்டர் இருக்க வேண்டும். 1/1000 என்பது 1/700 என்று வந்தால் அரை ஸ்டாப்தான் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது). பழைய துணித்திரைக்கு அது நல்ல முடிவு. கலர் நெகட்டிவுக்குப் பிரச்சினையில்லை, ஸ்லைடு ஃபிலிமுக்கு மட்டும் கவனிக்க வேண்டும்.

மூன்று விஷயங்களைக் கண்டால் கேமராவை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை ஷட்டரில் அடிப்பது முதலாவது. இலை ஷட்டரின் (யாஷிகாவில் இருப்பதுபோல லென்ஸுக்குள்ளேயே விரிந்து மூடும் ஷட்டர்) தகடுகள் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், அங்கே ஒரு துளி எண்ணெய் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். அவற்றை நாஃப்தா, அதாவது சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தால் பலமுறை கழுவி உலரவிடுவதே முறை. இரண்டாவது, ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைக் கேமராவுக்குள் பயன்படுத்துவது. அதன் ஆவி லென்ஸிலும் வ்யூஃபைண்டரிலும் வெள்ளைப் படலமாகப் படியும். மூன்றாவது, கேமராவைப் பார்க்காமலே போனில் விலை சொல்லிவிடுவது.

ஸ்பேர் விஷயத்தில் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். புதுப் பாகம் என்று பெட்டியில் வருவது இனி மிக அபூர்வம். உங்கள் கேமராவின் ஸ்பேர் என்பது இன்னொரு இறந்த கேமரா. அதை வாங்குவதிலும் கணக்கு இருக்கிறது. உங்களுடையதில் எது கெட்டிருக்கிறதோ அது நன்றாக இருக்க வேண்டும், மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஷட்டர் வேண்டுமென்றால், மேல்தகடு நசுங்கி லென்ஸில் ஃபங்கஸ் பிடித்த பாடி நல்லது, விலையும் குறையும். தண்ணீரில் விழுந்தது, முன்பே யாரோ திறந்து ஸ்க்ரூ தேய்ந்தது, இந்த இரண்டையும் தொடாதீர்கள். ஜப்பானிய விற்பனைத் தளங்களில் 'ஜங்க்' என்று போட்டிருப்பதில் பாதி நன்றாக ஓடும் என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். பாகத்துக்காக மட்டுமே வாங்குங்கள், அஞ்சல் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

எந்த மாடல் எதற்குப் பொருந்தும் என்பது தெரிந்தால் தேடும் வட்டம் பெரிதாகும். கே1000 என்பது பென்டாக்ஸ் கேஎம் மாடலைச் சுருக்கிச் செய்தது, பல பாகங்கள் பொதுவானவை. எலக்ட்ரோ 35-இல் ஜி, ஜிஎஸ், ஜிஎஸ்என் மூன்றும் உள்ளே நெருங்கிய உறவு. பெயர் ஒத்திருந்தால் பாகமும் ஒத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். நிக்கான் எஃப்எம் ஷட்டர் எஃப்எம்2-க்குப் பொருந்தாது. சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இருக்கும். இரண்டு மாடல்களில் ஒரே எண் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

எல்லாவற்றுக்கும் டோனர் பாடி, அதாவது பாகத்துக்காக வாங்கும் இறந்த கேமரா, தேவையில்லை. மினோல்டா எக்ஸ்-700-இல் விளக்கெல்லாம் எரிந்தும் ஷட்டர் அடிக்காமல் பூட்டிக்கொண்டால், பெரும்பாலும் அடித்தகட்டுக்குள் இருக்கும் 220 மைக்ரோஃபாரட் கபாசிட்டர்தான் காரணம். அதே அளவில் 6.3 வோல்ட் கபாசிட்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். உருவம் சிறியதாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு மூடாது. இரட்டை லென்ஸ் கேமராக்களில் வெள்ளி போன கண்ணாடிக்கு, பழைய ஃப்ளாட்பெட் ஸ்கேனருக்குள் இருக்கும் கண்ணாடியை அளவுக்கு வெட்டிப் போடலாம், அதுவும் முன்முகத்தில் பூச்சுள்ளது. சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடி போட்டால் பிம்பம் இரட்டையாகத் தெரியும், ஃபோகஸும் தப்பும். ஏஇ-1-இல் அடிக்கடி உடையும் பேட்டரி மூடி 3டி பிரின்ட்டில் கிடைக்கிறது. பல்சக்கரத்தை அப்படிச் செய்ய வேண்டாம், தேய்ந்துவிடும்.

ஃபோம் வேலையை நீங்களே செய்யலாம். பின்கதவின் பள்ளங்களிலும் கண்ணாடி மோதும் இடத்திலும் இருக்கும் ஃபோம் தார் போல உருகியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். துணுக்குகள் ஷட்டர் திரையில் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், ஃபோகஸ் ஸ்க்ரீனைத் தொடவே கூடாது. புதிதாக ஒட்டுவதற்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் மென்மையான ஃபோம் வேண்டும். கைவினைக் கடைகளில் விற்கும் கெட்டியான ஷீட் அமுங்காது, கதவு பூட்டாது. ஓஎம்-1 வைத்திருப்பவர்கள் ப்ரிஸத்தைச் சுற்றியுள்ள ஃபோமையும் எடுக்கச் சொல்ல வேண்டும். அது உருகி ப்ரிஸத்தின் வெள்ளியையே அரித்துவிடும்.

லென்ஸ் ஃபங்கஸ் நம் கடலோர ஊர்களில் தவிர்க்க முடியாதது. புதிதாகப் பிடித்தது துடைத்தால் போகும். பல வருடம் இருந்தது பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் நிற்கும். கொடுக்கும் முன் டார்ச் அடித்து லென்ஸைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கூரியரில் அனுப்பினால் பேட்டரியைக் கழற்றுங்கள், ஷட்டரை அடித்துத் தளர்ந்த நிலையில் விடுங்கள், லென்ஸைத் தனியாகச் சுற்றுங்கள், பெட்டிக்குள் பெட்டி வையுங்கள். சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, பழுதின் விவரத்தை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டோனர் பாடி கொடுத்திருந்தால் மிச்சத்தையும் வாங்கிவையுங்கள், அடுத்த பத்து வருடத்துக்கு அதுதான் உங்கள் ஸ்பேர்.

கேமரா திரும்பி வந்ததும் ஒரு விலை குறைந்த ரோலைச் சோதனைக்காகவே செலவிடுங்கள். வேகத்தையும் லென்ஸ் திறப்பையும் (எஃப் எண்) நாமே வைக்கும் கேமராவில், நேர் வெயில் படாத வெளிச்சுவர் ஒன்றை 1/1000-க்கு எஃப்2.8, 1/500-க்கு எஃப்4, 1/250-க்கு 5.6, 1/125-க்கு 8, 1/60-க்கு 11, 1/30-க்கு 16 என்று வரிசையாக எடுங்கள். ஆறு நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும், ஃப்ரேம்களுக்கு இடையே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். தூரத்து டவர் ஒன்றை இன்ஃபினிட்டியில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து எடுங்கள், அது கூர்மையாக வர வேண்டும். லேபில் ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானாகவே சரிசெய்துவிடும், ஷட்டரின் தவறு அதில் மறைந்துபோகும். நெகட்டிவையே கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோளாறு தெரிந்தால் அந்த நெகட்டிவோடுதான் மெக்கானிக்கிடம் திரும்பப் போக வேண்டும்.